யாருடைய பணம்? 1932இன் கேள்வியும் 1944இன் மூன்று லட்சமும்

"எங்க வரிப்பணத்துலதான் நீங்க படிக்கிறீங்க." கல்லூரிகளில் நம் பிள்ளைகள் இதைக் கேட்காத ஆண்டு இல்லை. சொல்பவர் கொஞ்சம் பொருளாதாரம் படித்தவராக இருந்தால் கூடவே இன்னொன்றையும் சொல்வார். ஏழைகளுக்கு உதவுவது அரசின் வேலை அல்ல. வரியைக் குறைத்தால் மனமுள்ளவர்கள் தாங்களாகவே கொடுப்பார்கள். கட்டாயப்படுத்திப் பிடுங்கும் வரியைவிட மனமுவந்து தரும் தானம்தான் உயர்ந்தது என்பார்.

இது புதிய சிந்தனை போலப் பேசப்படுகிறது. ஆனால் தானம், வரி இரண்டின் வாசலிலும் நின்று பார்த்த மக்கள் நாம். இந்த வாதம் நம் தலைவர்கள் முன்னால் ஏற்கெனவே ஒருமுறை வைக்கப்பட்டது. அவர்கள் பதிலும் சொன்னார்கள். அந்தக் கதை நடந்தது பெரும்பாலும் 1932க்கும் 1944க்கும் இடையில். இன்று போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய ஒன்றை நாமே சொல்லிவிடுவோம். பாபாசாகேப் அம்பேத்கரின் மேற்படிப்பு ஒரு கொடையில்தான் நடந்தது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் பி.ஏ. படிப்புக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். நல்ல மனிதர், காலத்தை மீறி யோசித்தவர். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த உதவியோடு ஓர் ஒப்பந்தமும் இருந்தது: படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும். 1917இல் உதவிக் காலம் முடிந்தபோது லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் திரும்ப வேண்டியிருந்தது. பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரை, சாதி தெரிந்ததும் கம்போடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. மன்னர் அனுப்பிப் படிக்க வைத்த ஆளுக்கு மன்னரின் தலைநகரத்திலேயே ஒரு அறை இல்லை. மீண்டும் லண்டன் போக, பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் தேவைப்பட்டன.

ஆக, கொடை ஓர் அம்பேத்கரைப் படிக்க வைத்தது. அது பெரிய விஷயம். அந்தக் கொடை எட்டாத எத்தனை பேர் சேரியிலேயே நின்றுபோனார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. மன்னரின் கஜானா என்று நாம் சொல்வது வேறொன்றுமல்ல, பரோடா குடியானவர்கள் கட்டிய நிலவரிதான். அரசர்கள் காலத்துக் "கொடை" என்றதும் கைகூப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பணம் எந்த வயலிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

பொதுப்பணம் என்பதை உரிமைக்கான ஆயுதமாக மாற்ற முடியும் என்று முதலில் காட்டியவை 1920களின் சட்டசபைத் தீர்மானங்கள். 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டி, பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் குளம், கிணறு, தர்மசாலை, பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை ஆகியவற்றைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது அது. அடுத்த ஆண்டு சென்னை சட்டசபையில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாம் நம் மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார், அரசாணையும் வந்தது. இந்தத் தீர்மானங்களின் அடித்தளத்தைக் கவனியுங்கள். "பாவம், தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்ற இரக்கத்தின்மேல் அவை நிற்கவில்லை. பொதுப்பணத்தில் ஆனது பொதுமக்களுக்கு; நாங்களும் பொதுமக்கள்; அவ்வளவுதான் வாதம்.

மகாத் சவுதார் குளத்துக்கு 1927 மார்ச் 20 அன்று நடந்தவர்கள் இந்த வாதத்தோடுதான் நடந்தார்கள். குளம் நகராட்சியுடையது, நகராட்சியே அதைத் திறந்துவிட்டதாக 1924இல் தீர்மானம் போட்டிருந்தது. சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்தக் குளம் தனியாருடையது என்றார்கள். தீட்டு என்று மட்டும் சொன்னால் வழக்கு நிற்காது, "இது பொதுச்சொத்து அல்ல" என்றும் சொல்ல வேண்டியிருந்தது. பத்தாண்டு இழுத்த அந்த வழக்கில் 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குளம் நகராட்சியுடையதே என்று உறுதி செய்தது. தனியார், பொது என்ற பிரிவை வெறும் பொருளாதாரச் சொல்லாக நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்கலாம். இந்த நாட்டில் "தனியார்" என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு.

இனி 1932க்கு வருவோம். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். தனித்தொகுதியை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் என்றுதான் நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம், அது சரியும்கூட. ஆனால் அதில் ஒன்பதாவதாக ஒரு பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்விக்குப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்கிறது அது. உண்ணாவிரத நெருக்கடியில், உயிர்ப்பழி வந்துவிடுமோ என்ற அழுத்தத்தில் உட்கார்ந்து பேசியபோதும், அரசின் வரவுசெலவில் நமக்கு ஒரு வரி எழுதப்பட்டது.

அதற்கு ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பம்பாயில் மாளவியா தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. தீண்டாமை ஒழிப்புக்கு ஓர் அகில இந்திய அமைப்பு உருவானது. ஜி.டி. பிர்லா தலைவர், ஏ.வி. தக்கர் செயலாளர். இதுதான் பின்னால் அரிஜன சேவா சங்கம் ஆனது. ஆறு நாள் இடைவெளியில் இரண்டு பாதைகள்: ஒன்று வரிப்பணத்தில் பங்கு, மற்றது நன்கொடையில் சேவை.

சங்கத்தின் முதல் மத்தியக் குழுவில் அம்பேத்கர், எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. அம்பேத்கர் அதை எடுத்த எடுப்பிலேயே புறக்கணிக்கவில்லை. மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியில், விக்டோரியா கப்பலிலிருந்து, 1932 நவம்பர் 14 அன்று தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமூகப்பணி படிக்கும் நண்பர்கள் அந்தக் கடிதத்தைப் பாடமாக வைத்தே படிக்கலாம் என்பது எங்கள் கருத்து. எங்கள் முதுகலை வகுப்பில் மேற்கத்திய அறக்கட்டளைகளின் வரலாறு இருந்தது, இந்தக் கடிதம் இல்லை.

அதில் அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். ஏழ்மைக்குக் காரணம் தனிமனிதரின் குணம் என்று நினைத்தால் மதுவிலக்குப் பிரச்சாரம், நூலகம், உடற்பயிற்சிக் கூடம், பள்ளி என்று போகலாம். காரணம் சூழல் என்று நினைத்தால் செய்ய வேண்டியது வேறு. ஊர்க்கிணறு, ஊர்ச்சாவடி, பள்ளிக்கூடம், பொது வண்டி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் போராட்டத்தில் சங்கம் இறங்க வேண்டும். அடி விழும், வழக்கு வரும், ஆனாலும் இறங்க வேண்டும். அடுத்தது வேலை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நம் மக்களுக்கு நெசவுப் பிரிவு மூடப்பட்டிருந்தது. தறியின் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு. கூலி அதிகமுள்ள பிரிவும் அதுதான். அந்தக் கதவைத் திறக்கப் பாடுபடுங்கள் என்று எழுதினார். சங்கத்தின் ஊழியர்களை எங்கள் மக்களிடமிருந்தே எடுங்கள் என்றும் கேட்டார்.

அந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தலைவர் பிர்லாவே ஆலை முதலாளி. அகமதாபாத்தின் அம்பாலால் சாராபாயும் ஆலை முதலாளி. நெசவுப் பிரிவைத் திறப்பதற்கு ஒரு பைசா நன்கொடை வேண்டாம், ஆலைகளுக்கு ஒரு கையெழுத்துப் போதும். நெசவுக் கூலியைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்துவிட்டு, அதில் ஒரு துளியை நன்கொடையாகக் கொடுப்பதுதான் எளிது. அதற்கு மாலையும் விழும்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அம்பேத்கர் விலகினார். குழுக்களில் நம் மக்களுக்கு இடம் வேண்டும் என்று பின்னால் ஒரு தூதுக்குழு காந்தியைக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945ஆம் ஆண்டு நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், இந்தச் சேவை அவர்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் இந்துக்கள் கொடுத்தது, ஆகவே சங்கத்தை இந்துக்களே நடத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இதைக் கோபத்தோடு படிப்பது சுலபம். நிதானமாகப் படித்தால் இன்னும் நிறையத் தெரியும். காந்தி இங்கே பொய் சொல்லவில்லை, தானத்தின் இலக்கணத்தைத்தான் சொல்கிறார். தானத்தின் மையம் கொடுப்பவர். கழுவப்படுவது அவருடைய பாவம், சேர்வது அவருடைய புண்ணியம், ஆகவே கணக்கும் அவருடையது. பெறுபவர் இல்லாமல் சடங்கு நடக்காது என்பதால்தான் பெறுபவர் அங்கே இருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல இடமுண்டு, கேள்வி கேட்க இடமில்லை. அம்பேத்கர் தன் நூலில் இந்த முயற்சி முழுவதையும் அரசியல் தர்மம் என்றும், அன்பால் கொல்லும் திட்டம் என்றும் தலைப்பிட்டு எழுதியது இதனால்தான்.

"பணம் இந்துக்கள் கொடுத்தது" என்பதிலும் ஓட்டை இருக்கிறது. 1933 நவம்பரிலிருந்து காந்தி நடத்திய அரிஜன யாத்திரையில் ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய் திரண்டது. அதில் ஏழைகள் போட்ட காலணா, அரையணாவும் உண்டு. ஆனால் குழுவில் உட்கார்ந்தவர்கள் காலணா போட்டவர்கள் அல்லர்.

சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளிகள் நடத்தியது, விடுதிகள் கட்டியது. சென்னை தி. நகரில் தக்கர் பாபா வித்யாலயா இன்றும் நிற்கிறது, அங்கே தொழில் கற்றவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். தக்கர் தன் வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர். ஆனால் விடுதி மூடப்பட்டால் ஏன் மூடினீர்கள் என்று கேட்க அந்த மாணவனுக்கு எந்தச் சட்டப்படியும் வழியில்லை. கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்பதால் இந்த நிலை மாறாது.

பத்தாண்டு கழிகிறது. 1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆகிறார். அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு கொடுக்கிறார். சட்டமன்ற இடம், அரசு வேலையில் பங்கு, ஒப்பந்தப் பணிகள் என்று பல கோரிக்கைகள் அதில் உண்டு. கல்வியைப் பற்றிய பகுதிதான் நமக்கு இங்கே முக்கியம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் மத்திய அரசு தலா மூன்று லட்சம் ரூபாய் ஆண்டுதோறும் மானியம் தருகிறது. எங்கள் மக்களுக்கு என்ன தருகிறீர்கள்? அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் மாணவர்களுக்கு இந்தியாவில் உதவித்தொகை, வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை, இதற்கெல்லாம் அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்.

இந்த வாதத்தில் "ஏழை" என்ற சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை. பிறருக்குப் பொதுப்பணத்தில் என்ன போகிறது, எங்களுக்கு என்ன வருகிறது என்ற ஒப்பீடுதான் வேலை செய்கிறது. இப்படி ஒப்பிட வரவுசெலவுக் கணக்கு வெளியில் இருக்க வேண்டும். தனியார் அறக்கட்டளையிடம் போய், அவனுக்கு மூன்று லட்சம் கொடுத்தாயே எனக்கு எங்கே என்று கேட்டால், "என் பணம், என் விருப்பம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

1944-45இல் மத்திய அரசு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அப்படித்தான் பிறந்தது. 1948-49இல் பழங்குடி மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பிற பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும் விரிந்தது. நம்மைப் பார்த்து "வரிப்பணத்தில் படிக்கிறீர்கள்" என்று சொல்லும் நண்பர்களில் பலருடைய வீட்டிலும் இந்தத் திட்டத்தின் பணம் நுழைந்திருக்கிறது.

சரி, 1944இல் அந்த மூன்று லட்சம் யாருடைய பணம்? அன்றைய மத்திய அரசின் வருவாயில் உப்புவரியும் ஒன்று. 1947இல்தான் அது ஒழிந்தது. உப்பில்லாமல் கஞ்சி குடிக்க முடியாது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் முதல் பம்பாய்த் துப்புரவுத் தொழிலாளி வரை எல்லோரும் அந்த வரியைக் கட்டினார்கள். தண்டியில் 1930இல் உப்பை அள்ளியபோது காந்தி சொன்னதும் இதுதான்: பரம ஏழையும் கட்டும் வரி இது என்று. இரண்டே ஆண்டு கழித்து "பணம் இந்துக்கள் கொடுத்தது" என்ற வாதம் வரும்போது, அந்தப் பரம ஏழை கட்டியது யாருக்கும் நினைவில் இல்லை.

இன்றைக்கும் கணக்கு அப்படித்தான். வருமான வரி கட்டுபவர் மட்டுமே வரி கட்டுபவர் என்று ஒரு நினைப்பு நடுத்தர வர்க்கத்திடம் ஊறிக்கிடக்கிறது. நூறு ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் ஏறத்தாழ 15 ரூபாய் ஜி.எஸ்.டி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவும் அதைக் கட்டுகிறார், மென்பொருள் நிறுவன மேலாளரும் அதே 15 ரூபாயைக் கட்டுகிறார். யாருடைய வருமானத்தில் அது பெரிய பங்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

வரிப்பணம் என்றாலே நியாயம் கிடைத்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1979-80இல் தொடங்கிய சிறப்புக்கூறு திட்டத்தின்படி, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்டப்பணத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய பணம் என்ன ஆகும்? டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக அந்த நிதியிலிருந்து திருப்பிவிடப்பட்ட தொகை 678 கோடி ரூபாய் என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தலித் அமைப்புகள் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் மூலம் தோண்டி எடுத்த பிறகுதான் அந்த ஒப்புதல் வந்தது. அரசை நம்பக் கூடாது என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுவார்கள். நாங்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறோம். எழுதிவைத்த பணமாக இருந்ததால்தான் அதைத் திருட்டு என்று சொல்ல முடிந்தது. கொடையாளி ஒருவர் இந்த ஆண்டு மனம் மாறிக் கொடுக்காமல் விட்டால் அதற்குப் பெயர் திருட்டு அல்ல. அமைச்சரை எழுப்பிப் பதில் வாங்கவும் வழியில்லை.

ஆனால் அரசே கொடையாளியின் தோரணையை எடுத்துக்கொள்ளும்போதுதான் நமக்குச் சிக்கல். உதவித்தொகை நிலுவை பற்றிக் கேட்கப் போகும் மாணவிகளோடு நாங்கள் அலுவலகங்களுக்குப் போயிருக்கிறோம். "வரும்போது வரும்மா, சும்மா கிடைக்கிறதுக்கு இவ்வளவு அவசரமா?" என்ற குரலைக் கேட்டிருக்கிறோம். இது ஏதோ ஓர் எழுத்தரின் குணம் மட்டுமல்ல. மேலேயே அப்படி நடந்தது. பழைய ஏற்பாட்டின்படி ஒரு திட்டக் காலத்தின் முடிவில் இருந்த செலவு அளவு மாநிலத்தின் தலையில் நிலையான பொறுப்பாக ஏறிவிடும். அதற்கு மேல் ஆவதை மட்டும்தான் மத்திய அரசு தரும். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017இல் முடிந்ததும் மாநிலங்கள்மீது பெரும்பகுதி இறங்கியது, பல மாநிலங்களில் உதவித்தொகை முடங்கியது. கல்லூரி கட்டணம் கட்டவில்லை என்று சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டது, மாணவர் வேலைக்குப் போக முடியாமல் நின்றார். போராட்டங்களுக்குப் பின் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 60க்கு 40 என்ற பங்கீட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டம், அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி.

அந்த ஏற்பாடு 2025-26 வரைக்குமானது. அடுத்த பங்கீடு என்ன, 2.5 லட்சம் ரூபாய் என்ற குடும்ப வருமான வரம்பு ஏறுமா, பராமரிப்புப் படி விடுதிச் சாப்பாட்டுக்காவது போதுமா என்ற கேள்விகளை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர் வரை எழுத்தில் கேட்கலாம். உங்கள் கல்லூரியில் எத்தனை பேருக்கு எந்த ஆண்டுத் தொகை நிலுவை என்ற பட்டியலைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். பத்து ரூபாய் கட்டணம்தான். 1942 மனுவைப் போலவே, பக்கத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொரு எண்ணையும் வைத்துக்கொண்டு போங்கள்.